துணைக்குப் போனவள்

பூமியின் தென்கோடித் தீவு ஒன்றில், ஒனிஹங்கா என்ற ஊரின் கடைவீதியில் கல்யாணி வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வருகிற தமிழர்கள், மருந்தோடு கொஞ்சம் திட்டும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். "பிரஷர் பாத்து எத்தனை மாசம் ஆச்சு? கண்ணு டெஸ்ட் பண்ணீங்களா? உங்க வீட்டுக்காரர் சுகர் மாத்திரையை ஒழுங்கா போடுறாரா?" என்று கவுண்டருக்குப் பின்னாலிருந்து கேள்விகள் பாயும். அதற்குப் பயந்து, இருமலுக்கு இஞ்சிக் கஷாயமே போதும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. கல்யாணி தூத்துக்குடிக்காரி. ஐம்பத்தொரு வயது. குரல் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

அந்த மே மாதக் காலையில் மழை பெய்து, வெயிலடித்து, மறுபடி மழையும் பெய்து முடித்திருந்தது. மலரக்கா ஒரு பை நிறைய பீஜோவாப் பழத்தோடு கடைக்குள் நுழைந்தார். முழுப்பெயர் இராசமலர். யாழ்ப்பாணத்துக்காரர்; கல்யாணிக்கு எதிர்வீடு. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடத்தில் வேலை. அங்கே மே மாதம் இலையுதிர்காலம்; அது வந்தால் அவர் வீட்டு மரம் அந்தப் பச்சைப் பழங்களைக் கொட்டித் தள்ளும். தெருவே கூடித் தின்றாலும் தீராது.

"இந்தாரும், கடையில எல்லாருக்கும் குடும்" என்று பையைக் கவுண்டரில் வைத்தவர், குரலைத் தாழ்த்தினார். "கல்யாணி, மார்புப் படம், அந்த மாமோகிராம், எடுக்க வரச்சொல்லி மெசேஜ் வந்திருக்கு. போன தரமும் வந்தது. நான் போகேல்லை. பயமாக் கிடக்கு."

"பயமா? என்னக்கா பேச்சு இது! ரெண்டு நிமிஷ வேலை."

"நோகுமோ?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"நீர் கூட வந்தால் போறன்."

"வர்றேன். உங்களைத் தனியா விடுவேனா?"

இப்படி அடித்துச் சொன்னவள் அந்தப் படத்தை ஒருமுறைகூட எடுத்ததில்லை. நாற்பத்தைந்து வயதானதிலிருந்து அவளுக்கும் மெசேஜ் வந்துகொண்டுதான் இருந்தது. முதல் தடவை மகள் சிந்துவுக்குப் பரீட்சை. அடுத்தது கொரோனா. அதற்கடுத்து ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். அப்புறம் சொல்லிக்கொள்ளக் காரணம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் இத்தனை நாள் இருந்துவிட்டு, இப்போது போய் ஏதாவது இருந்து தொலைத்தால் என்ற பயம் மட்டும் சத்தமில்லாமல் வளர்ந்திருந்தது. மெசேஜைப் பார்த்ததும் விரல் தானாகவே அழித்துவிடும்.

குறித்த நாளில் இருவரும் போனபோது, மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டி கடைவீதிக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில் நின்றது. பேருந்து அளவு இருக்கும். படியெல்லாம் ஈரமான சிவப்பு இலைகள் ஒட்டிக் கிடந்தன. உள்ளே ஹீட்டர் போட்டு இதமாக இருந்தது. வரவேற்பில் இருந்த டோங்கா நாட்டுப் பெண்ணின் சட்டையில் மெலே என்று பெயர் குத்தியிருந்தது. மலரக்காவின் விவரங்களைச் சரிபார்த்துவிட்டு, கல்யாணியைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க கடைசியா எப்போ எடுத்தீங்க, டார்லிங்? அடுத்து வரவேண்டியவங்க வரலை. இடம் காலியா இருக்கு."

கல்யாணி சுவரில் இருந்த போஸ்டரை உற்றுப் படிக்க ஆரம்பித்தாள். "நான் சும்மா துணைக்குத்தான் வந்தேன்."

"அது தெரியுது. கடைசியா எப்போ?"

மலரக்காவுக்கு ஆங்கிலம் வராது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத நேரத்தில் மட்டும்தான். மெதுவாகத் திரும்பினார்.

"கல்யாணி. நீர் ஒருக்காலும் எடுக்கேல்லையோ?"

கல்யாணி போஸ்டரின் அடுத்த வரிக்குப் போனாள்.

"பிறகெப்பிடி எறும்பு கடிச்ச மாதிரி எண்டு சொன்னனீர்?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கக்கா..."

"எல்லாரும் ஆர்? உம்மட கடைக்கு வாற சனமோ? அதுகளுக்குச் சொல்லுறதே நீர்தானே!" மலரக்காவுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. இத்தனை நாள் பிடித்து வைத்திருந்த பயமெல்லாம் அந்தச் சிரிப்பில் கரைந்து போனதுபோல் இருந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போடாத குறையாக நாற்காலியில் அமர்ந்தார். "நீர் உள்ள போம். நீர் போனால்தான் நான் போவன்."

மெலே அதற்குள் கல்யாணியின் பிறந்த தேதியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே படம் எடுத்த பெண் கை சில்லென்றிருப்பதற்கு மன்னிப்புக் கேட்டாள். கண்ணாடித் தட்டு மேலிருந்து இறங்கி அழுத்தியபோது, வீட்டில் சப்பாத்தி மாவு படும் பாடு கல்யாணிக்குப் புரிந்தது. மூச்சைப் பிடி என்றார்கள், விடு என்றார்கள், திரும்பி நில் என்றார்கள். சட்டை மாட்டி வெளியே வந்தபோது, ஆறு வருடம் பயந்தது இதற்கா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மலரக்காவும் போய்விட்டு வந்தார்.

"எறும்பில்லை," என்றார் படியிறங்கும்போது. "கட்டெறும்பு."

இருவரும் பக்கத்துக் கடையில் காப்பி குடித்தார்கள். மெசேஜ்களை அழித்த கதையை எல்லாம் கல்யாணி அங்கே ஒப்புவித்தாள். மலரக்கா திட்டவே இல்லை. இன்னொரு மஃபின் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் மலரக்காவுக்கு முடிவு வந்தது. எல்லாம் நல்லபடி. அந்தச் சந்தோஷத்தில் தெருவுக்கே ரொட்டியும் சம்பலும் போயின. மறுநாள் கல்யாணி இருமல் மருந்துக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மென்மையான குரல். ஒரு பக்கம் சரியாகத் தெரியவில்லை, இன்னும் சில படங்கள் எடுக்க வேண்டும், இப்படிக் கூப்பிடுகிற பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருப்பதில்லை, வியாழக்கிழமை வர முடியுமா என்றது.

அன்று பிற்பகல் முழுதும் அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மருந்தைக் கொடுத்தாள், நன்றி சொன்னாள், அடுத்தவரைக் கூப்பிட்டாள். வாடிக்கையாக வரும் பெரியவர் ஒருவர் பயந்துபோய், "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடை மூடி வரும்போதே இருட்டிவிட்டது. தன் வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்தவள், தெருவைக் கடந்து எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

"முகம் என்ன இப்பிடிக் கிடக்கு? முதல்ல இரும்" என்ற மலரக்கா, கதையைக் கேட்டு முடிக்கும்வரை அவள் கையை விடவில்லை.

"போகாமலே இருந்திருக்கலாமோன்னு தோணுதுக்கா."

"விசர்க்கதை கதையாதையும். நீர் போகாட்டி உள்ள இருக்கிறது இல்லாமப் போயிடுமோ? இருந்தால் கெதியாப் பாப்பம். இல்லாட்டி வடிவாச் சாப்பிட்டு நித்திரை கொள்ளுவம்." ஒரு கோப்பைத் தேநீரை அவள் முன்னால் வைத்தார். "வியாழக்கிழமை நான் வாறன். மூர்த்திக்குச் சொன்னீரோ?"

"இல்ல."

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டு நேரே போய்ச் சொல்லும்."

சுந்தரமூர்த்தி சாப்பாட்டு மேசையில் அலுவலக மீட்டிங் ஒன்றில் இருந்தார். மனைவி எதிரே வந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் கணினியை மூடிவிட்டார். அவள் சொல்லி முடித்தாள்.

"எத்தனை வருஷமா போகல?"

"ஆறு."

மூர்த்தி மூடிய கணினியைத் தள்ளிவைத்தார். "வியாழக்கிழமை நான் லீவு போடுறேன்."

"எதுக்குங்க? மலரக்கா வர்றாங்க."

"அவங்களும் வரட்டும். வண்டியை யார் ஓட்டுறது?"

வியாழக்கிழமை காத்திருப்பு அறையில் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூர்த்தி தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்றின் ஒரே பக்கத்தை வெகுநேரம் படித்தார். மலரக்கா கைப்பையிலிருந்து பிஸ்கட் எடுத்து அறையிலிருந்த எல்லோருக்கும் நீட்டினார். கல்யாணியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மறுபடி படங்கள். பிறகு ஸ்கேன். டாக்டர் சின்னப் பெண். சிந்துவைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அவள் திரையைப் பார்க்க, கல்யாணி அவள் முகத்தைப் பார்த்தாள். கவுண்டரில் எத்தனையோ முகங்களைப் படித்தவளுக்கு இந்த ஒரு முகம் பிடிபடவில்லை. டாக்டர் கருவியை அங்குமிங்கும் நகர்த்தினாள், நிறுத்தினாள், பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினாள். திராட்சை போல ஒரு கறுப்பு வட்டம்.

"இது வெறும் நீர்க்கட்டி. உங்க வயசுல நிறையப் பேருக்கு வரும். ஒண்ணும் செய்யத் தேவையில்லை. ரெண்டு வருஷம் கழிச்சு வழக்கம்போல வாங்க."

"வேற எதுவும்?"

"வேற எதுவும் இல்லை."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"தப்பா நினைக்காதீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னாள்.

கதவைத் திறந்து வந்த கல்யாணி, "ஒண்ணுமில்ல!" என்றாள். தமிழில்தான் சொன்னாள், அதுவும் கடைக்குரலில். ஆனால் அறையிலிருந்த யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மூலையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த வெள்ளைத்தலைப் பெண்மணி கைதட்டினார். மலரக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டு, "சொன்னனானே, சொன்னனானே" என்று முதுகில் நாலு அடி போட்டார். மூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பவும் கழற்றித் துடைத்தார்.

காரில் ஏறியதும் கல்யாணிக்குப் பசித்தது. சாதாரணப் பசியில்லை, வயிற்றைக் கிள்ளும் பசி. மூன்று நாளாக என்ன சாப்பிட்டோம் என்றே அவளுக்கு நினைவில்லை. வழியில் மீனும் சிப்ஸும் பெரிய பொட்டலமாக வாங்கிக்கொண்டு மானுகாவ் கடற்கரையோரம் போய் உட்கார்ந்தார்கள். காற்று குளிர்ந்தடித்தாலும் வெயில் நன்றாக இருந்தது. மலரக்கா சிப்ஸின் மேல் எலுமிச்சையைப் பிழிந்தார். கடற்காக்கைகள் கிட்ட வந்து நின்று பஞ்சாயத்து பேசின.

வெலிங்டனில் படிக்கும் சிந்துவைக் கல்யாணி அங்கிருந்தே போனில் கூப்பிட்டாள். நல்ல சேதியை முதலில் சொல்லி, அதன் பிறகு நடந்ததைச் சொன்னாள். மறுமுனை கடைசிவரை கேட்டது. பிறகு வெடித்தது.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? சிக்ஸ் இயர்ஸ்? ஊருக்கெல்லாம் சொல்றீங்க, ஒய் டிட்ன்ட் யூ கோ? என்கிட்ட ஏன் சொல்லலை?" குரல் அழுதது, மறுபடி திட்டியது. அப்படியே அம்மாவின் குரல். மூர்த்தி கடல் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

கல்யாணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்றபடி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சுடச்சுட மீனைப் பிய்த்துத் தின்றாள்.