கம்பு படாத அடி

...கண் இரண்டையும் விட்டிட்டு மிச்சத்தை என்னவும் செய்யுங்கோ ரீச்சர் என்று மாக்கிறேற்றின் தாய் சொன்னது உண்மைதான், பிள்ளையைச் சேர்க்க வருகிற எல்லாத் தாய்மாரும் அதைத்தான் சொல்லுகிறார்கள், நானும் பதினாறு வருடமாகத் தலையை ஆட்டிக்கொண்டு வருகிறேன், பதினாறு வருடத்தில் ஒரு பிள்ளையின் கண்ணிலும் என் கம்பு பட்டதில்லை, நேற்றுத்தான்... இமையில் பட்டதா, கண்ணுக்குள்ளேயே பட்டதா? அவ்வளவு இரத்தம் எங்கிருந்து வந்தது? பஸ் அல்லைப்பிட்டிக்குக் கிட்ட வந்துவிட்டது, மண்டைதீவுச் சந்தியில் இறங்கினால் மாக்கிறேற் வீட்டுக்குப் பத்து நிமிட நடை, போய் என்ன சொல்லப் போகிறேன்? மாணவியிடம் மன்னிப்புக் கேட்ட ரீச்சரை இந்தத் தீவுகளில் யார் கண்டது? கைப்பைக்குள் கண்ணுக்கு விடுகிற மருந்து ஒரு சின்னப் போத்தல் இருக்கிறது, அதைக் கொடுக்கத்தான் போகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை பரிசளிப்பு விழா, அவள் வராவிட்டால் இரணியன் இல்லை, இரணியன் இல்லாவிட்டால் நாடகம் இல்லை, அதற்காகத்தான் போகிறேனோ... ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையோ? தெரியவில்லை.

கணக்கில் அவளுக்கு நூற்றுக்கு ஏழு, அதற்கு முந்திய தவணை பதினொன்று, மூன்று வருடம் அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் என் பூவரசங்கம்புக்கு நல்ல பழக்கம், அடித்தால் படிப்பு ஏறும் என்று நம்பினேன், ஏறவில்லை, அதற்காக நான் நிறுத்தினேனா என்ன? அதிபர் செல்வரத்தினம்தான் ஒருநாள், தேவி ரீச்சர், சோதினையிலை முட்டை வாங்கிறதுகளை நாடகத்திலை போட்டுப் பாருங்கோ, சிலவேளை பள்ளிக்கூடத்திலை ஒட்டுங்கள், என்றார், எனக்குச் சிரிப்பு வந்தது, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, இரண்டே வரி பேசுகிற சேவகன் பாத்திரத்தை அவளிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரணியனாக நடிக்க இருந்த பிள்ளைக்குக் காய்ச்சல். மாக்கிறேற் எழும்பி நின்று இரணியனின் வசனம் முழுவதையும் சொன்னாள், ஒரு சொல் பிசகவில்லை, பிறகு பிரகலாதனுடையதையும் சொன்னாள், தாயுடையதையும் சொன்னாள், வாசித்துக் காட்டும்போது நான் இருமிய இடத்தில் இருமவும் செய்தாள், பாவி. ஏழு மாக்ஸ் எடுக்கிற தலைக்குள்ளா இவ்வளவும் கிடந்தது? அன்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து படலை திறக்க முதலே வாசலில் நிற்பாள், ஒருநாள் வகுப்பில் கையை உயர்த்தி, ஒரு தாளத்திலை மூண்டிலொரு பங்கு எண்டால் எவ்வளவு ரீச்சர், என்று கேட்டாள், மூன்று வருடத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி, எனக்கு மகிழ்ச்சியாய் இருந்தது, உண்மையாகவே இருந்தது, அப்படியென்றால் நேற்று நான்...

நேற்று ஒத்திகையில், என் பெயரைச் சொல்லடா என்று இரணியன் மகனை வெருட்டுகிற இடம், மீசையை முறுக்கிக்கொண்டு கத்தவேண்டும் என்று நான் பழக்கிய இடம், அவள் கத்தவில்லை. இடது கையிலிருந்து இல்லாத மணிக்கூட்டை மெல்லக் கழற்றினாள், கண்ணாடி மேலே இருக்கும்படி மேசையில் வைத்தாள், இல்லாத சீலைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினாள், கையை நீட்டும் பிள்ளை, எனக்கு நேரமில்லை, என்றாள் சின்னக் குரலில், அது என் குரல். மண்டபம் முழுக்கச் சிரித்தது, பிறகு ஒருத்தியும் சிரிக்கவில்லை. கம்பை ஓங்கி இறக்கினாள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு அடிக்கும் பிரகலாதனாக நின்ற சின்னப் பிள்ளையின் தோள் துள்ளியது, பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தங்கள் கைகளைப் பாவாடைக்குள் ஒளித்தார்கள், ஆனால் கம்பு படவே இல்லை, கைக்கு நாலு விரல் மேலேயே நின்றது, அந்தச் சின்னவள் பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. பிறகு தெரிந்து என்ன? அதற்குள் நான் மேடைக்குப் போய்விட்டேன், எப்படிப் போனேன், யார் கையிலிருந்து கம்பைப் பறித்தேன், ஒன்றும் நினைவில்லை, பதினாறு வருடத்தில் முதல் தடவையாக மணிக்கூட்டைக் கழற்றாமல் அடித்தேன், தோளில், முதுகில், அவள் திரும்பினாள், முகத்தில். அவள் அழவில்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தபடி நின்றாள்.

பஸ் நிற்கிறது. நேவிக்காரர் நாலு பேர், எல்லாரும் இறங்கச் சொல்லுகிறார்கள், இறங்குகிறோம், வெயில், உப்புக்காற்று, அடையாள அட்டை. எனக்கு முன்னால் இருந்து வந்த பொடியனின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான் ஒருவன், இன்னொரு நாள் என்றால் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன், எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு நாங்கள் எல்லாரும் நிலத்தைப் பார்க்கப் பழகியவர்கள்தானே, இன்று கண் அங்கேதான் போகிறது. அவன் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுக்கிறான், பிறகுதான் துவக்குப் பிடியால் அடிக்கிறான், வாயில் ஒன்று, விழுந்த பிறகு விலாவில் இரண்டு. அடிக்கிறவர்கள் எல்லாரும் எதையோ பத்திரப்படுத்திவிட்டுத்தான் அடிக்கிறார்களா? பொடியன் துப்பிய இரத்தத்தில் ஒரு பல் கிடந்தது. எங்களை ஏறச் சொன்னார்கள், அவனை ஏற்றவில்லை, கண்டக்டர் மணியை அடித்தான், யாரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை, ரீச்சராம் ரீச்சர்.

மாக்கிறேற் வீட்டில் தாய் கதிரையைத் துடைத்துப் போட்டாள். ஏன் ரீச்சர் இந்த வெயிலுக்குள்ளை கஷ்டப்பட்டு வந்தனீங்கள், அவள் செய்தது பிழை, இன்னும் ரெண்டு போட்டிருக்க வேணும், என்கிறாள், அந்தச் சொல் என் கன்னத்தில் விழுகிறது. கண்ணுக்குள்ளை ஒண்டுமில்லையாம், இமையிலை மூண்டு தையல், எண்டாலும் தகப்பன் ஒரே பிடியாய் நிக்கிறார், படிச்சுக் கிழிச்சது போதுமாம், நாளையிலையிருந்து கருவாடு காயப்போடுற வாடிக்கு வேலைக்குப் போகட்டுமாம். தகப்பன் யாக்கோப்பு வெளியே வலைக்கு முன்னால் இருக்கிறார், என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாக்கிறேற் வந்து கதவு நிலையோடு நின்றாள், ஒரு பக்கம் கறுத்து வீங்கிக் கண் மூடிக் கிடந்தது, மருந்துப் போத்தலை எடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை, வாயில் வந்தது வேறு. ஏன் என்னை நடிச்சனீர்?

அவள் பயப்படவில்லை, கணக்கு விளங்கப்படுத்துகிற மாதிரிச் சொன்னாள். இரணியனுக்குப் பிள்ளையிலை பாசம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், பாசம் எண்டால் ஏன் அடிக்கிறான்? அப்பு குடிவெறியிலை அடிப்பார், அது இரணியன் இல்லை. நேவிக்காரன் அடிக்கிறதும் இரணியன் இல்லை. பாசத்திலை அடிக்கிற ஆள் எனக்குத் தெரிய நீங்கள் ஒராள்தான் ரீச்சர். அடிக்கேக்கை உங்கடை முகத்திலை ஒரு கவலை வரும், அதுதான் எனக்கு இன்னும் சரியாய் வரேல்லை, வெள்ளிக்கிழமைக்கு முன்னம் பிடிச்சிடுவன், அப்புவோடை ஒருக்கால் கதைச்சு விடுங்கோ.

கவலையா? எத்தனை கைகள், எத்தனை தவணைகள், நினைத்துப் பார்க்கிறேன், முதல் அடி விழுந்ததும் தலைக்குள் இருக்கிற இரைச்சல் எல்லாம் நின்றுவிடும், மத்தியான வெயிலில் கிணற்றுத் தண்ணீரை வாளியோடு தலையில் ஊற்றியதுபோல் ஒரு குளிர்மை, இரண்டாவது அடி அது போய்விடக் கூடாதென்று, மூன்றாவதும் அதற்குத்தான்... அது கவலை இல்லை. என் இருமலைக்கூட விடாமல் பிடித்தவள் இதை மட்டும் பிழையாகப் பார்த்தாளா, அல்லது சரியாகப் பார்த்துவிட்டு எனக்குத் தானம் தருகிறாளா? கவலைதானே ரீச்சர், என்று கேட்டாள். ஓம் பிள்ளை, கவலைதான், என்றேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் அந்த ஒற்றைக் கண் என் முகத்தைவிட்டு எடுபடவில்லை, நான் பொய் சொல்லும்போது என் வாய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.