வீரய்யா கங்காணி பீடிய விட்ட வாரம்

திங்கக்கெழமை காலையில தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்துல வேலை பிரிச்சுக் குடுக்கும்போது வீரய்யா கங்காணிக்கு இருமல் வந்துருச்சு. பதினெட்டுப் பொம்பளைங்களும் இடுப்புல சாக்குப் படங்கச் சுத்தி, கூடைய மாட்டி முடிச்சும் அவரு இருமி முடிக்கல.

"மீதிய மலையில போயி இருமலாம் கங்காணியாரே, நேரம் போகுது"ன்னு ராசம்மா சொன்னுச்சு.

எல்லாரும் சிரிச்சாங்க. அந்தக் கூட்டத்துல கொழுந்து எடுக்குற அவரு சம்சாரம் நாகலெட்சுமியும் சேந்து சிரிச்சுச்சு. அதத்தான் அவரால தாங்க முடியல.

"இன்னையிலருந்து பீடி கெடையாது. சனிக்கெழமை கொழுந்து நிறுக்குறதுக்குள்ள ஒரு இழுப்பு இழுத்தாலும், நானே கூடையக் கட்டி ஒரு நாள் பூரா உங்களோட கொழுந்து எடுக்குறேன்"னு சொல்லிப்புட்டாரு.

வாய மூடுறதுக்குள்ள தெரிஞ்சு போச்சு, பொல்லாத வேலை பாத்துட்டோம்னு. இருபது வருஷமா பொம்பளைங்களப் பின்னாடி நின்னு வெரட்டுன மனுசன், தலையில கயித்த மாட்டிக் கூடையோட நின்னா கொட்டகலை பஜாரு வரைக்கும் சிரிக்கும்.

மொத நாள் வீம்புலயே ஓடிருச்சு. ரெண்டாம் நாள் கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல. முன்னெல்லாம் அப்பப்ப மேட்டுல இருக்குற சவுக்கு மரத்துக்குப் பின்னால போயிருவாரு. கீழ வேலை நடக்குற பக்கம் முதுகு, ரோட்டுப் பக்கம் மொகம். கங்காணிக்கு மேல அதிகாரியா உள்ள கண்டாக்கய்யா மோட்டார் சைக்கிள்ல வந்தா பீடிய மிதிக்கணும்ல. இப்ப அங்க போயி என்ன பண்ண? இஞ்சித் துண்ட மென்னுக்கிட்டு நிரை நிரையா நடந்தாரு. ஒவ்வொரு கூடையிலயும் கைய விட்டு முத்தல் எல தேடுனாரு. புதங்கெழமை கால்ல ஏறுன அட்டையக்கூட நிக்க வச்சுத் திட்டுனாரு.

"இந்த மனுசன் பீடிய விட்டதுல நம்ம உசிருல்ல போகுது"ன்னு ராசம்மா முணுமுணுத்தது அவரு காதுல விழுந்துச்சு. தன்னத் தோக்கடிச்சுக் கூடை கட்ட வைக்கத்தான் இந்தப் பேச்சுன்னு நெனச்சாரு.

வியாழக்கெழமை சோத்து நேரத்துல ராசம்மா பொகை அவரு மேல போற மாதிரி காத்து வர்ற பக்கமாப் பாத்து ஒக்காந்து ஒரு சுருட்டப் பத்த வச்சுச்சு.

"என்னா ராசம்மா, புதுப் பழக்கம்?"

"பல்லு வலிங்க கங்காணியாரே."

கையில கன்னத்தப் புடிச்சுக் காட்டுச்சு. அந்தப் பக்கம் பல்லே கெடையாது.

வீட்டுக்குப் போனா நாகலெட்சுமி, ரோட்டுல நிறுத்துற பொலிஸ்காரன் மாதிரி வாசல்லயே மறிச்சு, "ஊதுங்க"ன்னுச்சு. ஊதுனா, "ம்ஹூம்"னு ஏமாந்த மொகத்தோட உள்ள போச்சு. பொண்டாட்டியே எதிர்க்கட்சின்னா ஒருத்தன் எங்க போயி அழுவான்?

சனிக்கெழமை பத்து மணிக்குத் தூறல் போட்டுச்சு. கொடைய விரிச்சாரு. உள்ளருந்து ஒரு பீடியும் நெருப்புப் பெட்டியும் தொப்புன்னு விழுந்துச்சு.

சுத்திப் பாத்தாரு. பதினெட்டுத் தலையும் குனிஞ்சு கொழுந்தத் தவிர வேற எதையும் பாக்காத மாதிரி இருந்துச்சு. அவரு காலு தானா மேட்டுல ஏறுச்சு.

மரத்துக்குப் பின்னால போயி பீடிய ஒதட்டுல வச்சாரு. மொதக் குச்சி காத்துல அணைஞ்சுச்சு. காத்துக்கு முதுகக் காட்டித் திரும்பி ரெண்டாவதக் கிழிச்சாரு. இத்தன வருஷத்துல அந்த மரத்தடியில நின்னு அவரு கீழ பாத்தது அன்னைக்குத்தான்.

கூடை பூரா எறங்கிருந்துச்சு. ராசம்மா படங்க விரிச்சு மல்லாந்து கெடந்துச்சு. ரெண்டு பேரு வெத்தில மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நாகலெட்சுமி கால நீட்டி, முட்டிய ரெண்டு கையாலயும் அமுக்கி விட்டுக்கிட்டு இருந்துச்சு. முட்டி வலின்னு வீட்டுல ஒரு நாளும் சொன்னதில்ல.

குச்சி வெரலச் சுட்டுச்சு.

அஞ்சு நாளா சோத்து நேரம் தவிர ஒருத்தரும் ஒக்காரல. அவரு ஒக்கார விடல.

பீடியப் பிச்சு, தூளக் காத்துல விட்டாரு. ஒரு பீடி குடிக்கிற நேரம் அப்பிடியே நின்னாரு. நின்னுட்டு, எறங்குறதுக்கு முன்னாடி வேணும்னே நீளமா ஒரு இருமல் இருமுனாரு. கீழ எல்லாக் கூடையும் முதுகுல ஏறிருச்சு.

அவரு கீழ வந்தப்ப ராசம்மா தன் கூடையக் கழட்டி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. "வாங்க கங்காணியாரே. கயிறு தலைக்குச் சரியா இருக்கான்னு பாருங்க."

"லெட்சுமிய மோந்து பாக்கச் சொல்லு."

நாகலெட்சுமி கிட்ட வந்து ஊதச் சொல்லி மோந்து பாத்துச்சு. மறுபடியும் பாத்துச்சு. "இஞ்சி வாடைதான்க்கா அடிக்குது."

"அப்ப இவ்வளவு நேரம் மேல என்னா பண்ணுனாரு?"

"சும்மா நின்னேன்"னாரு வீரய்யா. "இனிமே தெனம் அஞ்சு வாட்டி போயிச் சும்மா நிப்பேன். கண்டாக்கய்யா கேட்டா, கங்காணி பீடி குடிக்கப் போனாருன்னு சொல்லுங்க."

ராசம்மா கூடைய மெதுவாத் திருப்பி மாட்டிக்கிட்டே கேட்டுச்சு.

"அஞ்சு வாட்டியா? முன்னெல்லாம் ஏழு வாட்டி போவீங்களே."