பத்து நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது

“ஒரு மணி நேர வகுப்புல நீங்க எவ்வளவு நேரம் பேசுவீங்க மேடம்?” என்று கேட்டார் துறைத்தலைவர்.

“மணி அடிக்கிற வரைக்கும் சார்.”

“அதுதான் பிரச்சினையே.”

நிகழ்தகவுப் பாடத்தை இருபத்தாறு வருஷமாக நடத்தி வரும் பேராசிரியை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். மேசை மேல் நாலு பக்கப் படிவம் கிடந்தது. அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் எந்த முறையில் நடத்துவது என்று ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டுமாம். அவள் விரிவுரை என்ற கட்டத்தில், பேனா அழுந்த, போட்டு வைத்திருந்தாள்.

“விரிவுரையை எல்லாம் இனிமே காணொளியா பதிவு பண்ணிடப் போறோம். ஒரு தடவை பேசினாப் போதும். பிள்ளைங்க வருஷா வருஷம் வீட்டுல போட்டுப் பார்த்துக்குவாங்க.”

“அப்ப நான்?”

“நீங்கதான் காணொளியில இருப்பீங்களே!”

முன் பெஞ்சில் ஒருவன் கொட்டாவி விட்டால் அவள் வேகத்தைக் கூட்டுவாள். பின் பெஞ்சில் பேனாக்கள் நின்றுபோனால் அதே வரியை வேறு மாதிரி சொல்வாள். கேமரா கொட்டாவி விடுமா?

“சார், நான் கலந்துரையாடலுக்கு மாத்திப் போட்டுடறேன்.”

“தாராளமா. ஆனா அதுல ஆசிரியர் பேச்சு பத்து நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. வியாழக்கிழமை நானே வந்து பார்க்கறேன். தாண்டினா காணொளிதான். ஆபீஸ் அக்கா நேரம் பார்ப்பாங்க.”

மூலை மேசையிலிருந்த அலுவலக எழுத்தர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, “விநாடி சுத்தமா பார்த்துடுவேன்” என்றாள். பேராசிரியர்கள் மாறினாலும் தலைவர்கள் மாறினாலும் மாறாத ஆள் அவள்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கணவர்தான் மாணவர்.

“ரெண்டு கவுன்ட்டர் இருக்கு. கவுன்ட்டருக்கு ஒரு வரிசையா நிக்கணுமா, ரெண்டுக்கும் சேர்த்து ஒரே வரிசையா நிக்கணுமா? யோசிச்சுச் சொல்லுங்க. ஒரே வரிசைதான் நல்லது, ஏன்னா…”

“என்னம்மா இது? கேள்வியும் நீயே, பதிலும் நீயே. நான் எதுக்கு இங்க? துணி காயப் போடப் போகட்டா?”

“வாய் தானா வருதுங்க. யாரும் பேசாம இருந்தா எனக்கு மூச்சு முட்டுது.”

“நான் முப்பது வருஷமா பேசாம இருக்கேனே, மூச்சா முட்டிடுச்சு?”

“அது எப்படிங்க முடியுது?”

“நீ பேச ஆரம்பிச்சா நான் ஜன்னலைப் பார்த்துக்குவேன். எதிர் வீட்டுல எத்தனை துணி காயுதுன்னு எண்ணுவேன்.”

“அடப்பாவி மனுஷா! இத்தனை வருஷம் தலையாட்டினது எல்லாம் துணிக்கா?”

கோபம் அடங்க அரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் யோசனை நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை முப்பது பிள்ளைகள். பின் பெஞ்சில் துறைத்தலைவர். பக்கத்தில் ஆபீஸ் அக்கா, கையில் நேரம் பார்க்கும் கருவி. பேராசிரியை அதே வரிசைக் கேள்வியைப் போட்டாள். வகுப்பு வாயைத் திறக்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே நிறுத்தியிருந்த சைக்கிள்களை எண்ணத் தொடங்கினாள். பதினேழு, பதினெட்டு. பதில் நாக்கு நுனியில் நின்று உதைத்தது. பத்தொன்பது.

“தனித்தனி வரிசைதான் மேடம்” என்றாள் ஒருத்தி. “எது சீக்கிரம் நகருதோ அதுல போய் நிக்கலாம்.”

“நீ நின்னாலே அது நகராது” என்றான் பக்கத்திலிருந்தவன்.

“ஏன், என் மூஞ்சி அப்படியா இருக்கு?”

“நின்னே பார்த்துடலாம் வாங்கடா!”

பெஞ்சுகள் நகர்ந்தன. இரண்டு பேர் கவுன்ட்டர் ஆனார்கள். பேராசிரியை சைக்கிளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. எழுந்தவர் துறைத்தலைவர்.

“பிள்ளைங்களா, தனி வரிசைதான் புத்திசாலிக்கு நல்லது. ஆளைப் பார்த்து எடை போட்டு நிக்கணும். நான் நின்னு காட்டறேன்.”

அவர் எடை போட்டு நின்ற வரிசையின் முன்னால் ஒரு பெண் பையைக் கவிழ்த்து அடையாள அட்டையைத் தேடத் தொடங்கினாள். பக்கத்து வரிசையில் ஆறு பேர் போய்விட்டார்கள்.

“சார், இன்னும் இங்கயேதான் நிக்கறீங்களா?” என்றது ஒரு குரல்.

“இது விதிவிலக்கு!” என்று சொல்லி விறுவிறுவெனப் பலகைக்குப் போனார். சாக்பீஸை எடுத்தார். ஆஸ்பத்திரியில் தான் நின்ற வரிசை, விமான நிலையத்தில் நின்ற வரிசை, தன் கல்யாணத்தில் கை கழுவ நின்ற வரிசை என்று ஒவ்வொன்றாகப் படம் போட்டார். பிள்ளைகள் மறுக்க, அவர் அழிக்க, மறுபடி போட, மணி அடித்துவிட்டது.

ஆபீஸ் அக்கா கருவியைப் பார்த்தாள். “மேடம் நாலு நிமிஷம் இருபது விநாடி. சார் முப்பத்தொரு நிமிஷம். மொத்தம் முப்பத்தஞ்சு இருபது. தாண்டிடுச்சு. காணொளி.”

“நான் நாலு நிமிஷம்தானே அக்கா!” என்றாள் பேராசிரியை.

“நான் எப்படி ஆசிரியர் ஆவேன்? பார்க்க வந்தவன்!” என்றார் துறைத்தலைவர்.

“பலகை முன்னாடி நின்னு விளக்கறவர் ஆசிரியர்னு மூணாம் பக்கத்துல நீங்கதான் சார் எழுதியிருக்கீங்க.”

“அப்ப நாளைக்கு இன்னொரு தடவை பார்த்துடலாம்.”

“இன்னைக்கு நாலு மணிக்குப் படிவம் மேலிடத்துக்குப் போகணும். தலைவர் முப்பத்தொரு நிமிஷம் பேசினார்னு எழுதிடட்டுமா?”

துறைத்தலைவர் சாக்பீஸ் தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“வேற வழியே இல்லையா அக்கா?” என்று பேராசிரியை மெல்லக் கேட்டாள்.

அக்கா எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். “இருவர் இணைந்து நடத்தும் பாடம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுக்குப் பேச்சு வரம்பு கிடையாது. இதுவரைக்கும் யாரும் டிக் போட்டதில்ல. ரெண்டு பேர் ஒத்துப் போகணும் பாருங்க.”

“ரெண்டாவது ஆள் யாரு?” என்றார் துறைத்தலைவர்.

முப்பது பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள்.

“எனக்கு ஆயிரம் வேலை இருக்கு!”

“முப்பத்தொரு நிமிஷம் சார்” என்றாள் அக்கா, பேனாவை நீட்டியபடி.

அவர் கையெழுத்துப் போட்டார். பேராசிரியையும் போட்டாள். படிவம் அக்காவின் கோப்புக்குள் போன பிறகு பேராசிரியை அவர் பக்கம் திரும்பினாள்.

“திங்கள்கிழமை காலைல எட்டு மணி வகுப்பு சார். எட்டடிச்சா நான் கதவைச் சாத்திடுவேன். தலைவர்னெல்லாம் பார்க்க மாட்டேன்.”

“அது சரி…” துறைத்தலைவர் குரலைத் தாழ்த்தினார். “நமக்குள்ள இருக்கட்டும். நிஜமாவே ஒரே வரிசைதான் நல்லதா? ஏன்?”

இருபத்தாறு வருஷப் பதில் வாய்க்குள் துள்ளியது. அவள் புத்தகங்களை அடுக்கினாள்.

“திங்கள்கிழமை வாங்க சார். கலந்துரையாடலாம்.”