வலது ஓரத்தில் நிற்கும் பந்து

1998 தீபாவளிக்குப் பிறகு ஆரணி கால்பந்து அணியின் தீனா அடித்த பந்துகளில் பாதி, வலது ஓரத்தில் ஆளில்லாத இடத்துக்கு உருண்டு போய், யாரோ காலால் நிறுத்தியதுபோல் நின்றன. அங்கே மேடும் இல்லை, சேறும் இல்லை. கொஞ்ச நேரம் கிடக்கும். பிறகு எதிரணியில் ஒருவன் வந்து எடுத்துக்கொண்டு போவான். தீனா நடுக்கள ஆட்டக்காரன். போளூரிலிருந்து செய்யாறு வரை அவனைப்போல் பந்து பிரித்துக் கொடுக்க ஆளில்லை என்று பெயர் வாங்கியவன். அவன் ஃபார்ம் போய்விட்டது என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதினார்கள். ஆரணியில் எவனுக்கு எது போனாலும் டீக்கடைக்குத்தான் முதலில் தெரியும்.

கணக்கு வைத்தவர் மாணிக்கவேல். பட்டுப்புடவைக் கரைக்கு கிராஃப் தாளில் டிசைன் போடுவது அவர் தொழில். ஆட்டத்தையும் அதே தாளில்தான் போடுவார். பந்து போய்ச் சேர்ந்த கட்டத்தில், நம்மவனுக்குக் கிடைத்தால் பச்சைப் புள்ளி, பறிபோனால் சிவப்பு. போன வருடம் பத்துக்கு எட்டு பச்சையாக இருந்த தீனாவின் தாள் இப்போது பாதி சிவந்திருந்தது. அதைக் காட்டித்தான் அவனை உட்காரவைக்கப் போவதாகப் பயிற்சியாளர் பச்சையப்பன் சொன்னார். மாணிக்கவேல் தாள்களைச் சுவரில் ஒட்டி, புதுக் கரையைச் சரிபார்ப்பதுபோல் நாலடி தள்ளி நின்று பார்த்தார்.

"காலு கெட்டவன் அடிச்சா எங்கெங்கியோ போவும்பா. இது ஒரே ரூட்டுல போவுது. யாரோ ஓடிகினு கீறான்."

சிவப்புப் புள்ளிகள் ஓரமாகவே ஏறி, மூலைக்கு முன்னால் உள்பக்கம் வளைந்திருந்தன. தீபாவளிக்கு முதல் நாள் தேவிகாபுரம் சாலையில் லாரி மோதிச் செத்த சதீஷ்தான் அணியில் வலது ஓரத்தில் ஆடியவன்; அவன் அப்படித்தான் ஓடுவான். பச்சையப்பன் பயந்துபோனார். தீனாவைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, சதீஷ் கை தூக்கிக் கேட்கும்போது கொடுக்காமல் எப்படி இருப்பது என்றான். செத்தவனுக்குப் பந்து கொடுத்துக்கொண்டிருந்தால் உயிரோடிருக்கிறவர்கள் தோற்றே சாக வேண்டியதுதான் என்று பச்சையப்பன் அவன் பெயரை அடித்துவிட்டார்.

அந்த ஞாயிறு, ஒருநாளும் மைதானம் பக்கம் வராத ராஜம்மாள் வந்தாள். சதீஷைப் பெற்றவள்.

"தீனாவ உக்கார வெச்சிட்டீங்கன்னா, எம் புள்ளைக்கு யாருங்க பந்து குடுப்பாங்க?"

பச்சையப்பன் அடித்த பெயரை மறுபடி எழுதினார். தீனா இறங்கினான். புதிதாக வலது ஓரத்தில் ஆடிய ராஜேஷ் தானாகவே இடதுபக்கம் ஒதுங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அணி தோற்பது வழக்கமாகிவிட்டது. ஊரும் பேஜார் பண்ணவில்லை. தறிகளில் பாதி பவர்லூம் ஆயின, தீனா செய்யாறு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்தான், ராஜம்மாள் ஓரக்கோட்டருகே உட்கார்ந்து மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள். வாங்கி வைத்துக்கொண்டு என்னடா பண்ணுகிறாய், தீனாவுக்குத் திருப்பிக் கொடு என்பாள். அந்தப் பக்கம் புல் லேசாக மடங்கும், அவ்வளவுதான். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவராத பிள்ளை, செத்த பிறகா கேட்கப்போகிறான்?

2006 தையில் ராஜம்மாள் காய்ச்சலில் இறந்தாள். காரியம் முடிந்து வந்த ஞாயிறு கலசப்பாக்கத்தாரோடு ஆட்டம். தீனாவுக்கு ஓட்டம் குறைந்திருந்தது, முன்தலை நரைத்திருந்தது. வழக்கம்போல் வலது ஓரத்துக்குத் தட்டிவிட்டான். பந்து நின்றது. பிறகு திரும்பி, நேராக அவன் காலுக்கே வந்தது. கலசப்பாக்கத்துப் பையன்கள் நடுவரைப் பார்த்தார்கள். அவர் விசில் ஊதவில்லை.

மாணிக்கவேல் பச்சைப் பேனாவைத் தேடி எடுத்து, அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார்.