அசையாத அறை

வீட்டுக்குப் பின்னால் எனக்கென்று ஒரு மர அறை கட்டப்போவதாகத் தம்பி சொன்னபோதே மனசு உறுத்தியது. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்குப் போக்கிடம் இவன் வீடுதான். இத்தனை வருஷம் கூடத்து சோபாவில் முடங்கிக் கிடந்தவள் மேல் திடீரென்று என்ன கரிசனம்?

தச்சர் வந்து கடப்பாறையால் மண்ணைக் குத்திப் பார்த்தார். "குழி தோண்டித் தூணை நட்டு, சுத்தி காங்கிரீட் ஊத்திடலாம். நூறு வருஷம் அசையாது."

தம்பி குறுக்கே பாய்ந்தான். "அதெல்லாம் வேண்டாம். தரையில சிமெண்ட் கட்டைகளை வச்சு, அது மேல அறையை உக்கார வச்சாப் போதும்."

"மழைக்கு மண்ணு இளகினா ஒரு பக்கம் சாயுமே?"

"சாய்ஞ்சா முட்டுக் கொடுத்துக்கலாம்."

சாய்ந்தால் உள்ளே உருளப்போவது நான்தானே! வேண்டுமென்றால் வைக்கலாம், வேண்டாமென்றால் தூக்கி எறியலாம். அறைக்கே அந்த மரியாதை என்றால் எனக்கு?

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். பக்கவாட்டு கேட்டை டேப் வைத்து அளந்தான். அறை அந்த அகலத்தைத் தாண்டவே கூடாதாம். அவனும் பெண்டாட்டியும் சமையலறையில் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் நுழைந்ததும், "உப்பு டப்பா எங்க அண்ணி?" என்பாள் அவள். டப்பா அவள் கையிலேயே இருக்கும்.

தம்பி வேலை விஷயமாக வெளியூர் போன மறுநாள் தச்சரைப் பிடித்தேன்.

"தம்பி மனசை மாத்திக்கிட்டான். குழியே தோண்டுங்க."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனே..."

"கூடப் பிறந்தவ சொல்றேன், போதாதா?"

அறை எழும்பியது. உள்ளே போய்த் தரையை ஓங்கி மிதித்தேன். ஒரு நடுக்கம்? மூச்! அன்று ராத்திரி அங்கேயே கால்களை நீட்டிப் படுத்தேன். இனி என்னை யார் கிளப்புகிறார்கள் பார்க்கலாம்.

தம்பி வந்தான். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் குனிந்து தூண்களின் அடியைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

"யாரு காங்கிரீட் ஊத்தச் சொன்னது?"

"நான்தான். என்னைத் துரத்தணும்னா இனி இந்த அறையை இடிச்சாத்தான் முடியும்."

"வீட்டையே வித்தாச்சுக்கா," என்றான். "எனக்கு வேலை மாத்தல். அங்க கிடைச்ச வீட்டுல இருக்கறது ரெண்டே அறை. நீ மறுபடியும் சோபாவுலயா படுப்பே? அதான் இதை அப்படியே லாரியில ஏத்திக்கிட்டுப் போற மாதிரி..." கேட்டைக் காட்டினான்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"வீட்டை விக்கறேன்னு சொன்னா, உன்னை விட்டுட்டு ஓடப் பார்க்கறேன்னுதானே நினைச்சிருப்பே? அறையைக் காட்டிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

அப்படித்தான் நினைத்திருப்பேன்.

தச்சரைக் கூப்பிட்டோம். அவர் தூண்களைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "காங்கிரீட்டுக்கு மேல அறுத்து எடுக்கலாம். ஆனா அடிச்சட்டமும் காங்கிரீட்டோட போயிடும், உள்தரையை ரெண்டு சாண் மேல ஏத்தணும். கதவு குட்டையாயிடும். தினம் குனிஞ்சுதான் நுழையணும், பரவாயில்லையா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் யாருக்கும் குனியாதவள் என்பது தெருவுக்கே தெரியும்.

"அறுங்க," என்றேன். "குனிஞ்சுக்கறேன்."