உச்சி இலை

முப்பதடி உயரத்தில் ஹென்றியின் வலது கை செத்துப்போனது. வலிக்கவில்லை, வலித்திருந்தால்கூடத் தேவலாம். பிடித்திருப்பது கிளையா காற்றா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினான். நடுவிரலும் மோதிரவிரலும் நுனியிலிருந்து வெளுத்துக் கிடந்தன. இருபத்திரண்டு வருடம் மரம் அறுக்கும் செயின்சா பிடித்து அதிர்ந்த கை. மழை ஈரம் பட்டால் போதும், இரத்தம் உள்ளங்கையோடு நின்றுவிடும்.

“இன்னும் மேல போங்க அங்கிள்! வெயில் படற எலதான் வேணும்!”

கீழிருந்து கத்தியவள் தாட்சாயினி. பல்கலைக்கழக ஆய்வுக்காரி. டத்தோ கிராமாட் பக்கம் சாலையோரத்தில் நிற்கும் கிழட்டு அங்சானா மரங்களில் எது நோயாளி என்று இலையை வைத்துச் சொல்ல வந்தவள். மின்கம்பிகளுக்கு நடுவே, ஆளை உயரத் தூக்கும் கூடை லாரி நுழையாது. அதனால் ஏறிப் பறிக்க ஹென்றி. அவளுடைய கருவி இலையைக் கவ்விக்கொண்டு வெளிச்சம் அடிக்கும். திரும்பி வருகிற வெளிச்சத்தை அளக்கும். கண்ணுக்குப் பச்சையாக இருக்கிற இலைகூட, மரம் உள்ளே நொந்திருந்தால், வெளிச்சத்தை வேறு மாதிரித் திருப்புமாம். “நெழல்ல இருக்கிற எல பொய் சொல்லும் அங்கிள்” என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். “வேர் அழுகினா தண்ணி உச்சிக்குப் போகாது. சீக்கு அங்கதான் மொதல்ல தெரியும்.”

உச்சிக்கு இன்னும் இருபதடி இருந்தது.

போன வருடம் கூட வேலை பார்த்த சின்னையாவுக்கும் இப்படித்தான் கை மரத்தது. செயின்சா நழுவி ஒரு காரின் கூரையில் விழுந்தது. “கை போனவன் எனக்கெதுக்கு?” என்று கண்ட்ராக்டர் அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டான். சின்னையா இப்போது ஜெலுத்தோங் ஃபிளாட்டின் மாடிப்படியில் உட்கார்ந்து, வேலைக்குப் போகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் துளிர்த்த ஒரு கொம்பு ஹென்றியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நிழலில் கொழுகொழுவென்று ஏழெட்டு இலைகள். பறித்துப் பையில் போட்டான். உச்சிக்குப் போய் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கிளையில் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினான்.

“உச்சிதானே அங்கிள்?”

“உச்சிதான்மா.”

அவள் கருவியை முதலில் ஒரு வெள்ளை வில்லையில் வைத்துச் சரிபார்த்தாள். அவன் விரலும் அந்த நிறத்தில்தான் இருந்தது. பிறகு ஒவ்வோர் இலையாகக் கவ்வவைத்தாள். “சூப்பர். ஹெல்த்தியா இருக்கு” என்று மரத்தில் பச்சை அட்டை கட்டினாள். பக்கத்து மரத்துக்குச் சிவப்பு. கயிற்றைச் சுருட்டும்போது ஹென்றி குதிகாலால் அடிமரத்தை ஓர் இடி இடித்தான். காலித் தகர டின்னைத் தட்டியது போலிருந்தது. அவனை யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் வந்த ஹென்றி பிரேக் போட்டான். பதினைந்து வருடமாகப் பக்கத்து மரத்தடியில் டயர் ஒட்டுகிற முனுசாமி, நீலக் குடை, காற்றடிக்கும் மெஷின், பெட்டி எல்லாவற்றோடும் பச்சை அட்டைக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தார்.

“என்னாண்ணே, எடம் மாத்திட்டீங்க?”

“பின்ன? அது சீக்கு மரமாம்லா. இதுக்குப் பச்சக் கார்டு. மிஷின் வச்சுப் பாத்துக் குடுத்தது. எனக்கே ஆஸ்பத்திரியில இந்த மாதிரி குடுக்கல.”

“இங்க வேணாம்ண்ணே. தட்டிப் பாருங்க, உள்ள ஒண்ணுமில்ல.”

“ஒன் மண்டயத் தட்டிப் பாரு, அதுவும் அப்படித்தான் கேக்கும். நீதானடா ஏறி எல பறிச்ச? அப்பவே சொல்ல வேண்டியதுதான?”

ஹென்றி மோட்டாரைக் கிளப்பினான். தெருமுனைக்குப் போய் தாட்சாயினிக்கு போன் போட்டான். அந்த மரத்தை இன்னொரு தரம் பார்க்கலாமா என்று கேட்டான்.

“ஏன் அங்கிள்? உச்சி எலதானே குடுத்தீங்க?”

ஹென்றி வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டான்.

“ஆமாம்மா.”

“அப்ப ஓகேலா. ரிப்போர்ட்கூட அனுப்பிட்டேன்.”

ஞாயிறு காலை மாதா கோயிலுக்குக் கிளம்பும்போது மனைவி தெரேசாதான் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். நாலு மாதமாக அவள்தான் போடுகிறாள். “டாக்டர்கிட்ட காட்டுங்களேன்” என்றாள்.

“காட்டுனா கை போச்சுன்னு எழுதிக் குடுத்துருவான். அப்புறம் எவன் வேல குடுப்பான்?”

பூசை முழுக்க ஹென்றி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். உச்சி இலை ஒரு கொத்து கிடைத்தால் போதும். பை மாறிப்போச்சு என்று சொல்லி அவளிடம் கொடுத்துவிடலாம். மிச்சத்தை இலை சொல்லிக்கொள்ளும். கையைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பூசை முடிந்ததும் தெரேசாவை பஸ் ஏற்றிவிட்டு, மோட்டார் பெட்டியிலிருந்து கயிற்றை எடுத்தான்.

“ஞாயித்துக்கெழமயும் எலையா?” முனுசாமி ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். “தலையில எதையாச்சும் போட்றாத.”

“கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே.”

“டயரப் பிரிச்சுப் போட்டுட்டுத் தள்ளுறதா? போடா.”

கடல் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ஹென்றி கோயில் சட்டையோடு ஏறினான். முப்பதடியில் விரல்கள் வெளுத்தன. மணிக்கட்டைக் கிளையில் கொக்கி மாதிரி மாட்டி, முழங்காலால் உந்தி மேலே போனான். கீழேயிருந்து பச்சையாகத் தெரிந்ததெல்லாம் கிளையில் தொற்றி வளர்ந்த பெரணியும் செடிகொடியும்தான். அதற்கு மேல் மரத்துக்குச் சொந்தமாக மிஞ்சியது சுள்ளிகளும், நுனியில் சுருங்கிய ஒரு கொத்து இலையும். ஒன்றைப் பறித்தான். விரல் அதைப் பிடிக்கவில்லை. நழுவுவதற்குள் பல்லால் கவ்விக்கொண்டான்.

அப்போது காற்று அடித்தது. காற்று நின்ற பிறகும் மரம் நிற்கவில்லை. கைக்குத் தெரியவில்லை, இடுப்பில் கட்டியிருந்த பட்டை வழியாகத்தான் தெரிந்தது. அடியில் எங்கோ, மண்ணுக்குப் பக்கத்தில், வேர் ஒன்று முறுக்கி அறுந்தது.

குனிந்து பார்த்தான். நேர் கீழே நீலக் குடை. காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே!” என்று வாயைத் திறந்தான். மெஷின் சத்தத்தில் அது கேட்கவில்லை. பல்லிலிருந்து விடுபட்ட இலை, சுழன்று சுழன்று, அவசரமில்லாமல் குடையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.