எஸ்மி யாரைப் போலப் பேசுகிறாள்?

பார்ன்ஸ்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே, தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த எஸ்மி கையை நீட்டிக் கத்தினாள்.

"புஸ்! பெரிய புஸ்!"

வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த அம்மா ஹாரியெட் சட்டென்று நின்றாள்.

தெற்கு இங்கிலாந்தில் அவள் பிறந்து வளர்ந்த கில்ட்ஃபோர்டில் அது பஸ். வடக்கே, கணவன் டேரனின் ஊரான இந்த யார்க்‌ஷயரில்தான் அது புஸ். அங்கே கப், இங்கே குப். அங்கே நீட்டி முழக்கி 'பாத்' என்று சொல்லும் குளியல், இங்கே வெடுக்கென்று 'பத்'. கல்யாணமாகி வந்த நாளாக இதையெல்லாம் கேட்டு அவளுக்குக் காது பழகிவிட்டது. கண்ணாடிக் கடையில் அவளிடம் கண் பரிசோதனைக்கு வரும் கிழவர்கள், "மகாராணி சொன்னா சரிதாங்க" என்று அவளுடைய தெற்கத்திப் பேச்சைக் கிண்டல் செய்யும்போது அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அதெல்லாம் ஊரார் வாய். இது அவள் பெற்ற பிள்ளையின் வாய்.

டேரனுக்கோ தலைகால் புரியவில்லை. "கேட்டியா? என் பொண்ணு! அசல் பார்ன்ஸ்லிக்காரி!"

"ரொம்பப் பெருமைப்படாத. உன்கிட்டேர்ந்து வரல அது. நீ வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள அவ தூங்கிடறா."

"அப்போ யாருகிட்டேர்ந்து?"

"லொரேன்."

அந்தப் பெயரைச் சொல்லும்போதே நாக்கு கசந்தது.

லொரேன் அடுத்த தெருவில், தன் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். காலையில் ஹாரியெட் எஸ்மியை அவளிடம் விட்டால், மாலையில்தான் திரும்ப அழைத்துப்போவாள். நல்லவள், சுத்தமானவள், பொறுமைசாலி. அதுதான் எரிச்சலே. குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை.

அன்றிரவே ஹாரியெட் வேலையைத் தொடங்கினாள். வெந்நீர்த் தொட்டியில் எஸ்மி. தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் கோப்பைகள். ஹாரியெட்டின் சட்டைப் பையில் சாக்லேட் வில்லைகள்.

"இது என்ன?"

"குப்."

"கப். சொல்லு, கப்."

எஸ்மி அம்மாவின் உதடுகளைப் பார்த்தாள். "கப்."

ஒரு வில்லை வாய்க்குள் போனது. குழந்தைக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. கப், பஸ், பாத் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பறவைக்குஞ்சு போல வாயைத் திறந்து வைத்துக்கொண்டது. ஒரு வாரத்தில் வில்லைப் பாக்கெட் காலி. ஹாரியெட்டுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

சனிக்கிழமை பூங்காவில் அந்த நிறைவு கலைந்தது. சறுக்குமரத்தின் அடியில் எஸ்மி முகம் குப்புற விழுந்து, மண்ணும் கண்ணீருமாக நிமிர்ந்து, கைகளை விரித்து அலறினாள்.

"மும்மி!"

மம்மி இல்லை, மும்மி. ஹாரியெட் ஓடிப்போய் வாரி அணைத்துக்கொண்டாள். குழந்தையின் முதுகைத் தடவினாள். ஆனால் அவள் காதுக்குள் அந்த ஒரு சொல் முள்ளாக நின்றது. குழந்தை கூப்பிட்டது அவளைத்தான், ஆனால் குரல் லொரேனுடையது. 'அழாத கண்ணு, மும்மி வந்துருவா' என்று தினமும் யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கவா வேண்டும்? மகள் தன்னைக் கூப்பிடும் பெயரைக்கூட லொரேன்தான் வைத்திருக்கிறாள்!

திங்கட்கிழமை ஹாரியெட் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு மழலையர் காப்பகத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் 'பாத்' என்று நீட்டிச் சொல்லுகிற ரகம். இடம் இருந்தது. வெள்ளி மாலைக்குள் உறுதி சொன்னால் போதுமாம்.

டேரனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளியன்று கடையிலிருந்து நேரே லொரேன் வீட்டுக்குப் போனாள். பேச வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். லொரேன் கதவைத் திறந்து, சமையலறைக்குக் கூட்டிப்போய், கேட்காமலே தேநீரும் இஞ்சிக் கேக்கும் வைத்தாள். எஸ்மி மேசைக்கடியில் ஒரு மரக் குதிரையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"லொரேன், உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"இரு கண்ணு. முதல்ல நான் சொல்லிடறேன். மனசுல வச்சுக்கிட்டே இருக்க முடியல." லொரேனின் கழுத்து சிவந்திருந்தது. "வீட்ல இவளுக்கு என்ன சொல்லிக்குடுக்கற நீ?"

"ஏன்?"

"நேத்து சேத்துல உருண்டுட்டு வந்தா. 'வாடி தங்கம், பத்துல போட்டுத் தேச்சாத்தான் போகும்'னேன். இடுப்புல கைய வச்சுக்கிட்டு, தலைமை டீச்சர் மாதிரி என்னைப் பாத்து, 'பாத், லொரேன். பாத்'ங்கறா! அதோட விட்டாளா? சொல்லிட்டு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கறா. எதுக்குன்னே புரியல எனக்கு."

ஹாரியெட் அவசரமாகத் தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"சிரிக்காத. என் பொண்ணு கெர்ரி லண்டன்ல வேலைக்குப் போனா பாரு, ஆறே மாசத்துல போன்ல 'பாத்'ன்னா. இப்ப நான் அங்க போய்ப் பேசினா, 'அம்மா, மெதுவாப் பேசு, இவங்களுக்குப் புரியல'ங்கறா. சரி, அது வளந்த கழுதை. இது என் மடியில கெடக்கற குழந்தை. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தூக்கிச் சுமக்கறவ நானு. ராத்திரி ஒரு மணி நேரம் நீ. ஆனா வாயத் தொறந்தா நீதான் வர்ற! அப்புறம் நான் எதுக்கு?"

அவள் மேசை துடைக்கும் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த மேசையை மறுபடியும் துடைத்தாள்.

ஹாரியெட்டுக்குள் இதமாக ஏதோ பரவியது. இரக்கம் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் அது சந்தோஷம். வெளியே காட்ட முடியாத, மட்டமான, இனிப்பான சந்தோஷம். இவளுக்கும் எரிகிறது! தன்னைவிட அதிகமாகவே எரிகிறது!

"குழந்தைதானே லொரேன்," என்றாள் பெருந்தன்மையாக. "பெரிசா எடுத்துக்காதீங்க."

"நீ ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. கேக் ரொம்ப நல்லாருக்கு."

வாசலில் லொரேன் முழங்காலிட்டு எஸ்மியின் கோட்டுக்குப் பொத்தான் மாட்டினாள். மாட்டி முடித்ததும் குழந்தையின் காதில் எதையோ கிசுகிசுத்தாள். எஸ்மி தோள் குலுங்கச் சிரித்தாள். இருவரும் ஹாரியெட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் சிரித்தார்கள்.

தெருவில் பத்தடி போவதற்குள் ஹாரியெட் கேட்டுவிட்டாள்.

"லொரேன் என்ன சொன்னா?"

"சொல்ல மாட்டேன்."

"மம்மிகிட்ட மட்டும்?"

"லொரேன் ரகசியம்."

சற்று முன் பரவிய இதம் அப்படியே வடிந்துவிட்டது. ஹாரியெட் போனை எடுத்தாள். காப்பகத்தின் எண் மேலேயே இருந்தது; அழுத்தினாள். 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்களிலிருந்து லொரேனும் கிடையாது, ரகசியமும் கிடையாது.

ஆனால் திங்கள் காலை எஸ்மி எங்கே போக வேண்டும் என்று அழுவாள்? தூக்கத்தில் யார் பெயரைச் சொல்வாள்? கண்ணெதிரே இருக்கிற லொரேனோடு தினமும் மல்லுக்கட்டலாம். கண்ணில் படாத லொரேனோடு யாரால் முடியும்? குழந்தையின் மனதில் அந்த லொரேன் வளர்ந்துகொண்டே அல்லவா போவாள்!

மறுமுனையில் அந்தப் பெண் எடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்க. இடம் வேண்டாம்," என்றாள் ஹாரியெட்.

"எங்ககிட்ட ஏதாவது குறைங்களா?"

"சேச்சே. இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு நடைபாதையிலேயே முழங்காலிட்டாள். எஸ்மியின் காதருகே வாயைக் கொண்டுபோனாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. முதலில் வந்ததைச் சொன்னாள்.

"இன்னிக்கு ராத்திரி ரெண்டு கதை. லொரேன்கிட்ட சொல்லக் கூடாது."

எஸ்மி யோசித்தாள். அம்மாவின் முகத்தை நிதானமாக அளந்தாள்.

"மூணு," என்றாள்.